கையில்லை, காலில்லை, நகை மட்டும் நிறைய: மார்பளவுச் சிலை என்றால் என்ன?

எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓலைக் கொட்டிலில் பள்ளியைத் தொடங்கிவைத்தவர். சீமெந்தில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்த சிலை. நிறுவுநர் தினத்தன்று போட்ட மாலையின் நார் மட்டும் கழுத்தில் காய்ந்து தொங்கும். கிளிநொச்சிப் பக்கம், முல்லைத்தீவுப் பக்கம் பல பள்ளிகளில் இப்படி ஒருவரைக் காணலாம்.

நான் அங்கே சித்திரம் படிப்பிக்கிறேன். ஒருநாள் ஆறாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் சிலைக்கு முன்னால் நின்று கேட்டான்: "சேர், இவருக்குக் கையும் காலும் போனது ஷெல்லிலையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய பெரியப்பாவுக்கு ஒரு கால் இல்லை. உடம்பில் ஒரு பகுதி இல்லாத ஆள் என்றால் வன்னிப் பிள்ளைக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். "இல்லையப்பன், செய்யேக்கையே இவ்வளவுதான் செய்தது" என்றேன். "ஏன், சீமெந்து காணாமப் போச்சோ?" என்றான்.

இரண்டும் நல்ல கேள்விகள். ஒரு சிலை உடைந்து பாதியானதா, பாதியாகவே பிறந்ததா? பாதியாகவே செய்தார்கள் என்றால், ஏன்? மார்பளவுச் சிலையைப் பற்றிப் புதிதாக அறிய வருபவர் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும், மிச்சம் தானாக வரும்.

தலை, கழுத்து, தோள், நெஞ்சில் ஒரு பகுதி. இவ்வளவையும் காட்டி, அதோடு முடிந்துவிடுகிற உருவம்தான் மார்பளவுச் சிலை. ஆங்கிலத்தில் பஸ்ற் என்பார்கள். தலை போன உடம்பை நாங்கள் முண்டம் என்கிறோம், அது உடைந்தது. குளக்கட்டுத் திருத்தும்போது பெக்கோ வாளியில் ஒரு கருங்கல் தலை ஏறி வந்தால் அதுவும் உடைந்ததுதான். எங்கோ அதற்கு ஓர் உடம்பு இருந்திருக்கும். மார்பளவுச் சிலைக்கு அப்படித் தேடுவதற்கு உடம்பு கிடையாது. சிற்பி நெஞ்சில் ஓரிடத்தில் கோடு போட்டு, இதற்குக் கீழே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறான்.

அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முகத்தை அல்ல. கீழ் விளிம்பு ஒழுங்காக வளைந்தோ நேராகவோ வெட்டப்பட்டு, அதற்கொரு பீடமும் இருந்தால், அது பாதியாகவே பிறந்த சிலை. விளிம்பு பிய்ந்த பாண்துண்டு மாதிரி இருந்தால், அது ஏதோ ஒன்றின் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சிலைகளும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன்.

ஏன் பாதி என்ற கேள்விக்கு, பெடியன் சொன்ன விடையும் சரிதான். முழு உருவம் என்றால் கல் கூட, கூலி கூட, பாரமும் கூட. நீட்டிய கையும் மெலிந்த கணுக்காலும் கற்சிலையில் முதலில் முறியும் இடங்கள். ஆளை அடையாளம் காண்பதும் முகத்தை வைத்துத்தான். இதோடு, மார்பளவுச் சிலையைத் தூக்கிக்கொண்டு போகலாம், வீட்டு மாடத்தில் வைக்கலாம், ஒரு தூணின் மேல் ஏற்றலாம். உரோமர்கள் இந்த வடிவத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களுடைய பெருங்குடும்பங்களில் இறந்துபோன முன்னோரின் முகங்களை மெழுகில் செய்து வீட்டு முன்றிலில் வைத்திருப்பார்கள். செத்தவீடு வந்தால் அந்த முகங்களை ஆட்கள் அணிந்துகொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். கல்லில் செய்த உரோமச் சிலைகளில் தொடக்கத்தில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் இருக்கும். நாட்போக்கில் தோள் வந்தது, பிறகு நெஞ்சு முழுவதும் வந்தது. எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே அது ஏறத்தாழ எக்காலத்தது என்று ஆய்வாளர்கள் கணிப்பதுண்டு.

பஸ்ற் என்ற சொல் இத்தாலிய 'புஸ்தோ'வில் இருந்து வந்தது. அதற்கும் மூலம் இலத்தீனில் உள்ள 'புஸ்தும்' ஆக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. புஸ்தும் என்றால் பிணம் எரித்த இடம், அதன்மேல் எழுப்பிய சமாதி. எங்கள் சொல்லில், சுடலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போவோம்.

அந்த நாட்டின் தென்கிழக்கில் எல்சே என்றொரு ஊர். ஊருக்கு அருகில் அல்குதியா என்ற தோட்டக்காணி. 1897 ஆகஸ்ட் 4ஆம் திகதி அங்கே நிலத்தைக் கொத்திச் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது ஒரு கல்முகம் வெளியே வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு அளவில், உரோமர் அந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பு, ஐபீரியர் என்ற மக்கள் செய்த சிலை அது. உயரம் 56 சென்ரிமீற்றர், இரண்டு அடிகூட வராது. பாரம் ஏறத்தாழ 65 கிலோ, ஒரு நெல்மூட்டை அளவு. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். இன்று அதற்கு 'எல்சேச் சீமாட்டி' என்று பெயர். மட்ரிட் நகரிலுள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. (எங்கள் பழைய ஆட்கள் நூதனசாலை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில்தான் பிரியம்.)

படத்தை முதன்முதல் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: காதுப்பக்கம் அது என்ன சில்லு? முகத்தின் இரு பக்கமும் இரண்டு பெரிய வட்டங்கள், வண்டிச் சில்லுக்கு ஆரக்கால் வைத்ததுபோல வேலைப்பாட்டோடு. தோடு என்று நினைப்போம். தோடு அல்ல. பின்னிச் சுருட்டிய கூந்தலை உள்ளே வைத்து மூடுகிற உறைகளாக இருக்கலாம் என்பதுதான் பொதுவான கருத்து. அவ்வளவு பாரமானதைத் தலைமுடி தாங்காது என்பதால், தலைக்கு மேலாக ஒரு பட்டி ஓடி இரண்டையும் பிணைத்துப் பிடித்திருக்கிறது. எங்கள் மணப்பெண்ணுக்கு ஜிமிக்கியின் பாரம் காதை இழுக்காமல் மாட்டலைக் கொழுவிக் கூந்தலோடு கட்டுவதில்லையா, அதே கணக்கு. நெற்றியில் குண்டுமணி மணியாக மூன்று வரி ஓடும் பட்டம். தலையில் கூம்பி எழும் முக்காடு. கழுத்தில் மூன்று மாலை: சின்னச் சாடி வடிவத்தில் தொங்கல்கள், நாக்கு வடிவத்தில் பதக்கங்கள். சில்லுகளுக்குக் கீழே இருந்து நெஞ்சுவரை இறங்கும் குஞ்சங்கள். மேலே ஒரு போர்வை, உள்ளே ஒரு சட்டை, சட்டைக் கழுத்தை மூடிய சின்ன ஊசிகூடச் செதுக்கியிருக்கிறது.

இவ்வளவு நகையும் சிற்பியின் கற்பனை அல்ல. எல்சேக்கு அதிக தூரமில்லாத ஹாவேயா என்ற ஊரில் 1904இல் ஒரு பொற்புதையல் கிடைத்தது. அதிலிருந்த பொன் நெற்றிப்பட்டம் இதே மரபைச் சேர்ந்தது. நுண்ணிய பொன்கம்பியும் கடுகு போன்ற பொன்மணிகளும் வைத்து ஒட்டிய வேலை. ஆக, பொற்கொல்லன் செய்ததைக் கல்லில் செய்து காட்டியிருக்கிறான் கற்சிற்பி. இது இலேசான காரியம் இல்லை. பொன்மணியை உருட்டி ஒட்டலாம். கல்மணியை உருட்ட முடியாது. சுற்றிவரப் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தில் நிழல் விழும். அந்த நிழல்தான் மணியை உருண்டையாகக் காட்டுகிறது. அலங்காரம் நிறைந்த எந்தச் சிலையை நூதனசாலையில் பார்த்தாலும் இதைச் செய்துபாருங்கள்: விளக்கு எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, மறுபக்கம் போய் நில்லுங்கள். நேரே பார்க்கும்போது தட்டையாகக் கிடந்த மாலை, பக்கத்தில் போனால் எழும்பி வரும்.

நிழலோடு நிறமும் இருந்தது. சிலையில் சிவப்பு, நீலம், வெள்ளை நிறத் துணுக்குகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. உதடு சிவப்பு, உடையிலும் நிறம். கண்மணிக்கு வேறு பொருள் பதித்திருந்த குழிதான் இப்போது மிச்சம். பழைய ஐரோப்பியச் சிலைகள் எல்லாம் வெள்ளைக் கல்லாகவே இருந்தன என்று பலர் நம்புகிறார்கள். அதற்குக் காரணம், மண்ணும் மழையும் நிறத்தைத் தின்றுவிட்டதுதான். கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிறம் தீட்டும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இருக்கக்கூடாது. அப்படியிருந்தும், கும்பாபிஷேகத்துக்குப் பின் கோபுரத்தைப் பார்த்து 'நிறம் கூடிப்போச்சு' என்று முகம் சுளிப்பவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள்.

இனிச் சிலையின் பின்னால் போவோம். முதுகில் ஒரு குழி. வாய் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் அகலம், ஆழம் 16 சென்ரிமீற்றர். முன்னால் இவ்வளவு நகை போட்டவளுக்குப் பின்னால் ஏன் ஒரு பொந்து? ஐபீரியர் இறந்தவர்களை எரித்தார்கள். எரித்த சாம்பலை இடுவதற்கான குழி என்று நெடுங்காலமாகச் சந்தேகம் இருந்தது. 1971இல் அதே நாட்டில் பாசா என்ற இடத்தில், நாற்காலியில் வீற்றிருக்கும் ஒரு பெண்ணின் முழுச்சிலை கல்லறைக்குள் கிடைத்தது. அவளுக்கும் கழுத்து நிறைய மாலை. இருக்கையின் பக்கவாட்டில் ஒரு மாடம். மாடத்துக்குள் மனித எலும்புச் சாம்பல். சந்தேகம் பலத்தது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு எல்சேச் சீமாட்டியின் குழிச்சுவரில் ஒட்டியிருந்த துணுக்குகளை நுண்காட்டியில் பார்த்து, அவை மனித எலும்புச் சாம்பல் என்று சொன்னது. சுடலை என்ற சொல்லோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் பெயர், இங்கே அப்படியே பொருந்தி நிற்கிறது.

எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. பூசைக்குக் கும்பம் வைப்பதைப் பாருங்கள். குடம் உடம்பு. சுற்றுகிற நூல் நாடி நரம்பு. உள்ளே ஊற்றும் நீர் குருதி. மேலே வைக்கும் தேங்காய் தலை. பிறகு பட்டுச் சுற்றி, மாலை போட்டு, பொட்டு வைத்தால் அது குடம் அல்ல, ஆள். கையும் காலும் இல்லை என்று யாரும் குறைசொல்வதில்லை. உள்ளே ஒன்றை வைத்திருப்பது, வெளியே அலங்காரத்தால் ஆளாவது: எல்சேச் சீமாட்டியும் அந்த வகைதான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒப்புமைக்குச் சொல்கிறேனே தவிர, ஐபீரியருக்கும் எங்களுக்கும் உறவு என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். அந்த வகைக் கட்டுரைகள் ஏற்கனவே போதுமான அளவு உலவுகின்றன.

இந்தச் சிலை உண்மையில் பாதியாகவே பிறந்ததா என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். பாசாச் சீமாட்டி அமர்ந்திருக்கிறாள். அல்பசேத்தே மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த இன்னொரு பெரிய ஐபீரியப் பெண்சிலை கையில் கிண்ணத்தோடு நிற்கிறது. ஆகவே எல்சேச் சீமாட்டியும் ஒருகாலத்தில் நின்றோ இருந்தோ, பிறகு நெஞ்சோடு வெட்டப்பட்டவளாக இருக்கலாம் என்கிறார்கள் ஒரு பகுதியினர். தொடக்கத்திலிருந்தே மார்பளவுதான் என்கிறார்கள் மற்றவர்கள். பெடியனுடைய முதற்கேள்வியை நூறு வருடத்துக்கு மேலாகப் பேராசிரியர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பயணக்கதையும் சுவையானது. காணிக்குச் சொந்தக்காரர் சிலையை வீட்டு மேல்மாடத்தில் வைத்து ஊராருக்குக் காட்டினார். அவர்கள் 'மூரிய அரசி' என்று பெயர் வைத்தார்கள் (மூர்கள் என்றால் ஒருகாலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்). அந்த மாதமே பிரான்சைச் சேர்ந்த பியர் பாரிஸ் என்ற அறிஞர் அங்கே வர, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்காக 4000 பிராங்குக்குச் சிலை விலைபோனது. நாற்பது வருடத்துக்கு மேல் அது பிரான்சின் சொத்து. 1941இல் இரண்டு அரசுகளும் கலைப்பொருட்களை மாற்றிக்கொண்டபோது ஸ்பெயினுக்குத் திரும்பியது. முதலில் பிராதோ அருங்காட்சியகம், 1971 முதல் இப்போதைய இடம். பெசேத்தா என்பது ஸ்பெயினின் அந்நாள் பணம்; 1948இல் ஒரு பெசேத்தாத் தாளில் அதன் முகம் அச்சாகியது. எல்சே ஊர்க்காரர் மட்டும், தங்கள் மண்ணில் கிடைத்ததைத் தங்களிடமே தா என்று இன்றும் கேட்கிறார்கள். 2006இல் சில மாதம் இரவலாகக் கிடைத்தது. இடையில் 1995இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஒருவர், இது 19ஆம் நூற்றாண்டில் யாரோ செய்த போலி என்று புத்தகமே எழுதினார். இவ்வளவு அழகாக, இவ்வளவு முழுசாக ஒன்று கிடைக்குமா என்பதுதான் அவருடைய சந்தேகத்தின் வேர். 2005இல் நிறத்துணுக்குகளையும் மேற்பூச்சையும் ஆராய்ந்த ஸ்பானிய ஆய்வாளர்கள் அது பழையதே என்றார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு முகங்கள்.

பெர்லின் புதிய அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்திய அரசி நெபர்ரித்தி. 1912 டிசம்பர் 6ஆம் திகதி அமர்னாவில், துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இடிபாட்டில் கிடைத்தது. சுண்ணாம்புக்கல்லில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் சாந்து பூசித் திருத்தி, நிறம் தீட்டியிருக்கிறார்கள். உடலை அறுக்காமல் உள்ளே பார்க்கும் மருத்துவ ஸ்கானில் உள்முகம் தனியாகத் தெரிந்தது. நீலக் கிரீடம், வண்ணக் கழுத்தணி, ஒரு கண்ணில் பளிங்கு, மறுகண் வெறும் கல். தோள்களைச் செங்குத்தாகச் சீவியிருப்பது சிற்பி வேண்டுமென்று செய்த வேலை. மற்றச் சிலைகளைப் பார்த்துச் செய்யப் பட்டறையில் வைத்திருந்த மாதிரியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதாவது கல்லறைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, தொழிலுக்கு.

மற்றவர் எங்களுக்குக் கிட்டத்தவர். மொகஞ்சதாரோவில் கிடைத்த, 'மதகுரு அரசன்' என்று அழைக்கப்படும் மாக்கல் உருவம். சித்திரம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த தாடிக்காரர். 17.5 சென்ரிமீற்றர்தான், புத்தகத்தில் பார்த்துப் பெரிய சிலை என்று நினைத்தவர்கள் ஏமாறுவார்கள். ஒரு தோளைப் போர்த்திய துணியில் மூன்றிதழ்ப் பூவடிவங்கள், நெற்றியில் பட்டி, மேற்கையில் ஒரு வளையம். அடிப்பக்கம் உடைந்திருக்கிறது, ஆகவே அவரும் அமர்ந்த உருவம் ஒன்றின் மிச்சமாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது, காதுக்குக் கீழே இருக்கும் இரண்டு துளைகள். கழுத்தணியோ வேறு அணியோ தனியாகச் செய்து அங்கே கோத்திருக்க வேண்டும். எல்சேயில் நகை கல்லிலேயே இருக்கிறது. இங்கே நகை வெளியிலிருந்து வந்து போயிருக்கிறது. அம்மனுக்கு அட்டியலும் மூக்குத்தியும் தனியே பெட்டியில் வைத்து, திருவிழாவுக்குச் சாத்துவது எங்கள் பழக்கம். கல்லில் இருக்கும் அலங்காரம், கல்லின்மேல் சாத்தும் அலங்காரம் என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நூதனசாலையில் வெறுமையாக நிற்கும் பல சிலைகள் வெறுமையானவை அல்ல என்று விளங்கும். சாத்தினதைக் களைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். துளையைத் தேடுங்கள்.

எங்கள் காட்டோரக் கோயில்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாலை மரத்தடியில் ஒரு சூலம், ஒரு கல். வைரவர் என்றால் வைரவர். முகம் எதற்கு?

முகம் எதற்கு என்பதற்கு நான் கண்ட நல்ல விடை சிரியாவில் இருக்கிறது. பாலைவனத்தின் நடுவே பல்மைரா என்றொரு வணிக நகரம். (பனைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மரத்தின் பெயர் போர்த்துக்கேயரின் 'பல்மெய்ரா'விலிருந்து வந்தது. இந்த ஊர்ப் பனைகளுக்கும் அந்த ஊருக்கும் சொந்தமில்லை.) கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் அந்த நகரத்தார் தங்கள் குடும்பங்களுக்குக் கோபுரம் போலவும் சுரங்கம் போலவும் பெரிய கல்லறைகள் கட்டினார்கள். சுவரில் பெட்டி பெட்டியாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒருவர். அறை வாயை மூடும் கற்பலகையில் அவருடைய மார்பளவு உருவம். ஆண்களுக்குச் சால்வை மடிப்பு. பெண்களுக்கு முக்காடு, நெற்றிப்பட்டி, தோளில் ஊசி. முந்திய காலத்துப் பெண்கள் கையில் நூல் நூற்கும் கதிரும் தக்களியும் பிடித்திருப்பார்கள். பிந்திய காலத்தில் கதிர் மறைந்து நகை கூடுகிறது: ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து மாலை, தோடு, காப்பு, மோதிரம். கோப்பன்ஹேகனில் உள்ள கிளிப்ரொத்தேக் அருங்காட்சியகத்தில் 'பல்மைரா அழகி' என்று பெயர்பெற்ற ஒருத்தி இருக்கிறாள். நகை வைக்க இனி இடமில்லை என்னும் அளவு அலங்காரம், நிறத்தின் சுவடும் உண்டு.

பலகையின் ஓரத்தில் அரமேய எழுத்தில் சில சொற்கள் இருக்கும். பெயர். இன்னாரின் மகள். இன்னாரின் மகன். கடைசியில், பலவற்றில், ஒரே ஒரு சொல். ஆய்வாளர்கள் அதை மொழிபெயர்ப்பது, 'ஐயோ'.

இதை வகுப்பில் சொன்னபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. எங்களூரில் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்குப் பெயரே கல்வெட்டு. முன்பக்கத்தில் மார்பளவுப் படம், உள்ளே பிறந்த ஊர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிறகு தேவாரம், பிறகு கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். பல்மைராக்காரர் ஒரு சொல்லில் முடித்ததை நாங்கள் பத்துப் பக்கத்துக்குப் பாடுகிறோம்.

அந்த முன்பக்கப் படத்துக்காக எங்கள் வீட்டிலும் ஒருமுறை ஓடித்திரிந்தோம். அம்மம்மாவின் படம் என்று எஞ்சியிருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். மற்றவை எல்லாம் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்ட பெட்டியோடு போய்விட்டன. ஸ்ரூடியோப் பெடியன் கணினியில் அதைப் பெருப்பித்து, மங்கிப்போன சட்டைக்கு மேல் பட்டுச்சேலை ஒன்றைப் போட்டான். பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, "சங்கிலி எது போட அன்ரி?" என்று முப்பது நாற்பது மாதிரி காட்டினான். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டாம் என்றார். "அவவுக்கு இருந்தது பதக்கம் வைச்ச அட்டியல் தம்பி. சிவப்புக்கல்லு. அது இருந்தாப் போடு, இல்லாட்டி ஒண்டும் போடாதை." அவனிடம் அது இல்லை. அம்மம்மா வெறுங்கழுத்தோடு, பட்டுச்சேலையில், சுவரில் இருக்கிறார். சுற்றிவர நிறநிறமாக அணைந்து எரியும் மின்விளக்கு மாலை.

பல்மைராப் பெண்களின் கழுத்தில் செதுக்கிய நகையெல்லாம் அவர்களிடம் உண்மையில் இருந்தனவா என்று சில ஆய்வுகள் கேட்கின்றன. எனக்கு அந்த ஸ்ரூடியோ நினைவு வரும். 'எது போட?' என்று கற்சிற்பியும் கேட்டிருப்பான். வீட்டார் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

2015இல் போர் அந்த நகரத்துக்கும் வந்தது. கோபுரக் கல்லறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, அங்கிருந்த நூதனசாலையில் முகங்கள் சம்மட்டியால் அடித்து உடைக்கப்பட்டன. நகரத்தின் தொல்பொருட்களை வாழ்நாள் முழுவதும் காத்த காலித் அல்-அசாத் என்ற, எண்பது வயது கடந்த அறிஞர் அந்த ஆகஸ்ட் மாதம் கொல்லப்பட்டார். முகம் சிதைந்த இரண்டு மார்பளவு உருவங்களை இத்தாலிக்குக் கொண்டுபோய்த் திருத்தி 2017இல் சிரியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றின் உடைந்துபோன பாதி முகத்தைக் கணினியில் வடித்து, முப்பரிமாண அச்சில் செயற்கைப் பொருளால் எடுத்து, காந்தம் வைத்துப் பொருத்தினார்கள். ஒட்டவில்லை, வேண்டும்போது கழற்றலாம். எது பழைய கல், எது புதிதாக வைத்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் ஒழுக்கம். தெரியாமல் ஒட்டினால் அது பொய்.

அலங்காரம் மிகுந்த மார்பளவு உருவம் எல்லாமே துக்கத்துக்குரியது என்று நினைத்துவிட வேண்டாம். உரோமில் கப்பித்தோலின் அருங்காட்சியகத்தில் கொமதுஸ் என்ற பேரரசனின் சிலை உண்டு. தலையில் சிங்கத்தோல், தோளில் தண்டாயுதம், கையில் பொன் ஆப்பிள்கள், கீழே உலக உருண்டை, பக்கத்தில் மண்டியிட்ட ஒரு பெண். தன்னைப் புராண வீரன் ஹெர்குலீஸ் என்று நினைத்துக்கொண்டவன் செய்வித்தது. கி.பி. 192இல் அவனைக் கொன்றார்கள். பளிங்கில் அவ்வளவு மினுக்கமான வேலையைக் காண்பது அரிது. எனக்கோ அதைப் பார்த்தால் தேர்தல் காலத்துப் பதாகைகள்தான் நினைவுக்கு வரும்.

மட்ரிட்டுக்கும் பெர்லினுக்கும் எங்களில் எத்தனை பேர் போவோம்? வவுனியா நகரில் தொல்பொருள் திணைக்களத்தின் சிறிய நூதனசாலை ஒன்று இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்தில் கிடைத்த பழைய சுடுமண் உருவங்களும், சுண்ணாம்புக்கல் புத்தர் சிலைகளும் அங்கே உண்டு. சுடுமண் உருவங்களின் முகத்தை, இடியப்ப மாவைக் கிள்ளுவதுபோல இரண்டு விரலால் கிள்ளி எடுத்திருப்பார்கள். அவை மார்பளவுச் சிலைகள் அல்ல. ஆனால் பார்க்கும் முறையைப் பழக நல்ல இடம். விளிம்பைப் பாருங்கள், உடைந்ததா வெட்டியதா. துளை இருக்கிறதா. நிறம் ஒட்டியிருக்கிறதா. பெயர்ப்பலகையில் எந்தக் காலம் என்பதோடு எங்கே கிடைத்தது என்றும் இருக்கிறதா. கிடைத்த இடம் தெரியாத சிலை, ஊர்பேர் தெரியாத ஆள் மாதிரி; முகம் இருக்கும், கதை இருக்காது. காவலாளி முறைக்காத அளவுக்குச் சுற்றிப் பின்னால் போங்கள்.

பின்னால் போகச் சொன்னதைப் பிள்ளைகள் உடனே செய்துபார்த்துவிட்டார்கள். அன்றைக்கு இடைவேளையில் பள்ளி நிறுவுநரின் முதுகுப்பக்கம் ஏழெட்டுப் பேர். வெள்ளிப் பெயின்ட் தோளோடு நின்றுவிட்டதாம், பின்னால் சீமெந்து சீமெந்தாகவே இருக்கிறதாம். மேசன் தேய்த்த விரலடையாளம் தெரிகிறதாம். கம்பி ஒன்று துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்க்கிறதாம். முதல் கேள்வி கேட்ட பெடியன் ஓடிவந்தான்.

"சேர், இவருக்கும் முதுகிலை குழி இருக்கு!"

"உள்ளுக்குள்ளை என்ன?"

"குளவிக்கூடு."